மூச்சு திரும்பும் பத்து நிமிடம்

கேமரன் மலை, தானா ராத்தாவில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய அச்சு வடிவம்



நான் இந்த மலையில் பிறந்தவன். அம்மா கொழுந்து பறித்தார். அப்பா தொழிற்சாலையில் இலை வாட்டும் இடத்தில் வேலை பார்த்தார். அறுவைக்கு வருகிறவர்களுக்கு மயக்க மருந்து கொடுத்து, மூச்சைப் பார்த்துக்கொண்டு, பிறகு எழுப்பி விடுவது என் தொழில். அறுவைக்கு முந்திய நாள் மாலை வார்டுக்குப் போனால், கட்டிலில் படுத்திருப்பவர் பேசுவதற்கு முன் பக்கத்தில் நிற்பவர் கேட்பார்: “டாக்டர், நல்லபடியா எழுந்திருச்சிருவாங்களா?” இந்த உரை அந்தக் கேள்விக்கான பதில்தான்.

எழுந்திருப்பது என்பதில் இரண்டு செயல்கள் அடங்கியிருக்கின்றன. ஒன்று, தூக்கம் கலைவது. மற்றொன்று, மருந்தால் தளர்த்தி வைத்த தசைகளுக்கு வலிமை திரும்புவது. முதலாவதை எல்லோரும் அறிவோம். இரண்டாவதைப் பற்றி மருத்துவமனைக்கு வெளியே பேச்சே இல்லை. ஆனால் நாடி சீராக ஓடாத ஒருவருக்கு ஆபத்து கூடுதலாக இருப்பது அந்த இரண்டாவது செயலில்தான்.

ஒரு தாயை மனத்தில் வைத்துக்கொள்வோம். நான் பார்த்த பலரைச் சேர்த்து வரைந்த உருவம் அவர். வயது 62, எடை 50 கிலோ. முப்பது ஆண்டுகள் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். சிறுவயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சல் அவருடைய இதயத்தின் மைட்ரல் வால்வைச் சுருக்கிவிட்டது. அதனால் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்னும் மேலறை நடுக்கம் வந்திருக்கிறது. துடிப்பை அடக்க பிசோப்ரோலால், டிகாக்சின் மாத்திரைகள், இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின். இப்போது பித்தப்பையில் கல். சிம்பாங் பூலாய் வழியாக ஈப்போவுக்கு இறங்கி, துளையிட்டுச் செய்யும் அறுவைக்குப் படுத்திருக்கிறார். அறுவை நன்றாக முடிந்துவிட்டது. இனி அவரை எழுப்ப வேண்டும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தசைக்கு வலிமையைத் திருப்பித் தரும் மருந்து இதயத்தையும் தொடுகிறது. அதனால் அதை அறுவை முடிந்ததும் பழக்கத்தால் ஏற்றும் ஊசியாக வைத்திருக்கக் கூடாது. எதைக் கொடுப்பது, எப்போது கொடுப்பது என்பதை முதல் ஊசி போடுவதற்கு முன்பே, அந்த நோயாளியின் நாடியைப் பார்த்து முடிவு செய்திருக்க வேண்டும். அந்த முடிவுக்கு வேண்டிய தகவல் இந்த மலையிலிருந்துதான் புறப்பட்டுப் போக வேண்டும். இதை ஏழு பகுதிகளாக விளக்குகிறேன்.

1. இரண்டு அம்புகள்

நாம் சிகிச்சைக்கு இறங்கிப் போகும் ஈப்போ ஒரு மரத்தின் பெயரைக் கொண்ட ஊர். ஈப்போ மரத்தின் பாலை எடுத்து ஊதுகுழல் அம்பின் நுனியில் பூசி வேட்டையாடியவர்கள் இந்தக் காடுகளின் பூர்வகுடிகள். நம் தோட்டங்களுக்குப் பக்கத்திலேயே வாழும் செமாய் மக்களும் அவர்களில் சேர்ந்தவர்கள். அந்தப் பாலிலுள்ள நஞ்சு இதயத்தைத் தாக்குவது. நம் தாய் விழுங்கும் டிகாக்சினும் அதே குலத்துப் பொருள். அளவோடு கொடுத்தால் ஓடும் நாடியை அது அடக்கும், அளவு மீறினால் தாளத்தைக் குலைத்து இதயத்தை நிறுத்திவிடும்.

தென் அமெரிக்கக் காடுகளின் மக்கள் வேறொரு நஞ்சைப் பூசினார்கள். அதன் பெயர் குராரே. அது பட்ட விலங்கின் இதயம் துடித்துக்கொண்டேயிருக்கும், தசைகள் மட்டும் ஓய்ந்துவிடும். மூச்சிழுக்கும் தசையும் ஓய்வதால்தான் உயிர் போகிறது. 1814இல் சார்லஸ் வாட்டர்டன் என்ற பயணி கொண்டுவந்த குராரேயை லண்டனில் ஒரு கழுதைக்கு ஏற்றினார்கள். மூச்சு நின்றதும் கழுத்தில் துளையிட்டு, துருத்தியால் காற்றை ஊதிக்கொண்டே இருந்தார்கள். நஞ்சின் வேகம் அடங்கியதும் கழுதை எழுந்து நின்றது, பல ஆண்டுகள் வாழ்ந்தது. மூச்சை நாம் பார்த்துக்கொண்டால் இந்த நஞ்சு தானாகவே விலகும் என்பதற்கு அது சான்று. குராரே நரம்பையோ தசையையோ கெடுப்பதில்லை, இரண்டும் சந்திக்கும் இடத்தை மட்டும் மறிக்கிறது என்பதைப் பிறகு பிரான்சில் கிளாட் பெர்னார்ட் நிறுவினார்.

1942 ஜனவரி 23 அன்று மாண்ட்ரியால் நகரில் ஹெரால்ட் கிரிஃபித்தும் எனிட் ஜான்சனும் இதை மயக்க மருந்தோடு சேர்த்து அறுவையில் பயன்படுத்தினார்கள். 1946இல் லிவர்பூலின் செசில் கிரேயும் ஜான் ஹால்டனும் தங்கள் அனுபவத்தை வெளியிட்டார்கள். அறுவையின் முகமே மாறியது. வயிற்றைத் தளர்த்துவதற்காக இதயமே தாங்காத அளவுக்கு மயக்க மருந்தைக் கொட்ட வேண்டிய தேவை போயிற்று. இன்று ரோக்கூரோனியம், வெக்கூரோனியம், அட்ராகூரியம் என்று குராரேயின் வழித்தோன்றல்கள் பல இருக்கின்றன. இவை தூக்கம் தருவதில்லை, வலியைப் போக்குவதுமில்லை. அந்த இரண்டுக்கும் வேறு மருந்துகள் உண்டு. இவற்றின் வேலை தசையைத் தளர்த்துவது மட்டுமே.

2. ஒரே தூதன், இரண்டு வாசல்

நரம்பு தசையைக் கூப்பிடுவது ஒரு தூதன் மூலம். அவன் பெயர் அசெட்டைல்கோலின். நரம்பின் நுனியிலிருந்து புறப்பட்டு, தசையின் வாசலைத் தட்டுகிறான், தசை சுருங்குகிறது. உடனே ஒரு நொதி அவனைச் சிதைத்துவிடுகிறது. தளர்வு மருந்து செய்வதெல்லாம் தூதனுக்கு முன்பே போய் வாசலை அடைத்துக்கொண்டு நிற்பதுதான்.

இதே தூதனுக்கு இதயத்திலும் வேலை இருக்கிறது. 1921இல் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் ஓட்டோ லோவி இரண்டு தவளை இதயங்களை வைத்து ஒரு சோதனை செய்தார். முதல் இதயத்தின் வேகஸ் நரம்பைத் தூண்டினார், துடிப்பு மெதுவானது. அந்த இதயத்தைச் சூழ்ந்திருந்த நீரை எடுத்து இரண்டாவது இதயத்தில் விட்டார், நரம்பைத் தொடாமலே அதுவும் மெதுவானது. நீரில் கரைந்திருந்தது அசெட்டைல்கோலின் என்பது பின்னர் தெளிவாயிற்று. லோவியும் ஹென்றி டேலும் 1936இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். தசையின் வாசலில் ‘இறுக்கு’ என்று சொல்லும் தூதன், இதயத்தின் வாசலில் ‘மெதுவாகப் போ’ என்கிறான்.

இந்த இரட்டை வேலையை நீங்கள் கண்ணால் பார்த்திருக்கிறீர்கள். காய்கறித் தோட்டத்தில் பூச்சிமருந்து அடித்தவர் வாயில் எச்சில் ஒழுக, கண்ணீர் வடிய, கண்மணி சுருங்கி, நாடி தளர்ந்து கிளினிக்குக்குத் தூக்கி வரப்பட்டதை இங்கேயுள்ள தாதியர் பார்த்திருப்பார்கள். ஆர்கனோபாஸ்பரஸ், கார்பமேட் வகைப் பூச்சிமருந்துகள் தூதனைச் சிதைக்கும் அந்த நொதியை முடக்குகின்றன. தூதன் எங்கும் குவிகிறான், உடம்பு முழுவதும் அவன் சத்தமே கேட்கிறது. அப்போது கொடுக்கும் மாற்று மருந்து அட்ரோபின். இந்தக் காட்சியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அறுவை அறையில் வலிமையைத் திருப்புவதற்குக் காலங்காலமாகக் கொடுத்துவரும் மருந்து, இதே வேலையை அளவோடு செய்வதுதான்.

3. அரைகுறையாகத் திரும்பும் வலிமை

இப்படியானால் வலிமையைத் திருப்பும் மாற்று மருந்தே வேண்டாம், இதயத்தைத் தொட வேண்டாம், தானாகத் தெளியட்டும் என்று விட்டுவிடலாமே என்று தோன்றும். அளந்து பார்க்காமல் அப்படி விடுவது அந்த இதயத்துக்கே தீங்கு.

மூச்சிழுக்கும் உதரவிதானம் முதலில் தெளிகிறது. தொண்டைத் தசைகள் பிந்தித் தெளிகின்றன. மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்து, நன்றாக இருக்கிறார் என்று குழாயை எடுத்துவிடுவோம். ஆனால் அவரால் எச்சிலை விழுங்க முடியாது, நாக்கு பின்னால் சரியும், சளியை இருமித் தள்ள வலுவிருக்காது. ஆக்ஸிஜன் குறைந்தால் மூச்சை முடுக்கிவிடும் கழுத்திலுள்ள உணர்வுக் கருவியையும் தளர்வு மருந்தின் மிச்சம் மழுங்கடிக்கிறது. ஆக்ஸிஜன் குறைய, கரியமில வாயு ஏற, ஏற்கெனவே தடுமாறும் இதயம் இன்னும் தடுமாறும். மேலறை நடுக்கம் ஓட்டமாக மாறும். எந்தத் தாளக்கோளாற்றுக்குப் பயந்து மாற்று மருந்தைத் தவிர்த்தோமோ, அதையே பின்வாசல் வழியாக வரவழைத்தவர்களாவோம்.

இது எவ்வளவு பரவலான குறை என்பதை 1979இல் டென்மார்க்கின் விபி-மோகன்சன் குழுவினர் காட்டினார்கள். விழிப்பறைக்கு வந்த 72 பேரை அளந்ததில் 30 பேருக்கு வலிமை போதிய அளவு திரும்பியிருக்கவில்லை. அன்றைய பழைய அளவுகோலின்படியே இந்த எண்ணிக்கை.

அளப்பது எப்படி? 1970இல் லிவர்பூலில் அலி, அட்டிங், கிரே மூவரும் தந்த முறை இன்றும் நிற்கிறது. மணிக்கட்டு நரம்பில் அரை விநாடிக்கு ஒன்றாக நான்கு மின்தூண்டல்கள் கொடுக்கிறோம். கட்டைவிரல் நான்கு முறை மடங்க வேண்டும். மருந்தின் பிடி இருந்தால் ஒவ்வொரு மடக்கும் முந்தியதைவிடத் தளரும். நான்காவதன் வலிமையை முதலாவதன் வலிமையால் வகுத்தால் ஒரு விகிதம் வரும். அது 0.9ஐத் தொடாமல் குழாயை எடுக்கக் கூடாது என்பது இன்றைய விதி. விகிதம் 0.4ஐத் தாண்டிவிட்டால், தளர்ச்சி இருப்பதை விரலைப் பார்த்தோ தொட்டோ கண்டுபிடிக்க எவ்வளவு தேர்ந்த மருத்துவராலும் இயலாது. தலையை ஐந்து விநாடி தூக்கச் சொல்லிப் பார்ப்பதும் போதாது, குறை இருக்கும்போதே பலர் தூக்கிவிடுவார்கள். 0.4க்கும் 0.9க்கும் இடையிலுள்ள அந்த இடைவெளியில்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. அங்கே நம் கண் பார்க்காததைக் கருவிதான் பார்க்கும்.

4. பழைய வழி: சேர்ந்தே போகும் இரண்டு மருந்துகள்

மேற்கு ஆப்பிரிக்காவில் கலபார் என்ற இடத்தின் அவரை ஒன்று உண்டு. குற்றம் சாட்டப்பட்டவரைத் தின்னச் செய்து, பிழைத்தால் நிரபராதி என்று தீர்ப்பளிக்கப் பயன்படுத்திய நச்சு விதை அது. அதிலிருந்து எடுத்த ஃபைசோஸ்டிக்மின் குராரேயின் பிடியை விலக்குகிறது என்று 1900இல் வியன்னாவின் யாக்கோப் பால் கண்டார். அதன் செயற்கை உறவான நியோஸ்டிக்மின் 1931இல் வந்தது. வேதியியல் குலத்தில் அதுவும் ஒரு கார்பமேட்தான்.

நியோஸ்டிக்மின் வாசலை அடைத்து நிற்கும் மருந்தைத் தொடுவதில்லை. தூதனைச் சிதைக்கும் நொதியை முடக்கி, தூதர்களைப் பெருக்கி, கூட்டத்தின் பலத்தால் வாசலைத் திறக்கிறது. அதற்கு ஓர் உச்சவரம்பு உண்டு. நொதி முழுவதும் முடங்கியபின் எவ்வளவு கொடுத்தாலும் பயன் கூடாது. ஆகவே தளர்வு ஆழமாக இருக்கும்போது இது கை கொடுக்காது, விரல் நான்கு முறையும் மடங்கத் தொடங்கியபின் கொடுத்தால்தான் பலன்.

பெருகிய தூதர்கள் தசையோடு நிற்பதில்லை, இதயத்துக்கும் போகிறார்கள். நாடி விழுகிறது. அதைத் தடுக்க தசையின் வாசலைத் தொடாமல் இதயத்தின் வாசலை மூடும் அட்ரோபினையோ கிளைக்கோபைரோலேட்டையோ உடன் கொடுக்கிறோம். அட்ரோபின் நம் ஊமத்தையின் இனத்துச் செடிகளிலிருந்து வந்தது. கிளைக்கோபைரோலேட் ஆய்வுக்கூடத்தில் உருவானது, மூளைக்குள் நுழையாதது. நம் தாயின் 50 கிலோ எடைக்கு நியோஸ்டிக்மின் ஏறத்தாழ 2.5 மில்லிகிராம் என்றால், கிளைக்கோபைரோலேட் 0.5 மில்லிகிராம்.

சரிவில் இருவர் கம்பின் இரு முனையைத் தோளில் தாங்கி மூட்டையை இறக்குவதைப் பார்த்திருக்கிறீர்கள். முன்னால் போகிறவர் ஓடினால் மூட்டை இழுபடும், பின்னவர் முந்தினால் முன்னவர் விழுவார். அட்ரோபின் ஒரு நிமிடத்தில் வேலையைத் தொடங்கும். நியோஸ்டிக்மின் முழுப் பலம் காட்டப் பத்து நிமிடம் வரை ஆகும். ஆகவே அட்ரோபினோடு சேர்த்தால் நாடி முதலில் எகிறும், பின்பு சரியும். கிளைக்கோபைரோலேட் சற்று நிதானமாக வருவதால் நியோஸ்டிக்மினோடு நடை பொருந்துகிறது. ஆரோக்கியமான இதயம் இந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்கிக்கொள்ளும். நாம் பேசுவது தாங்க முடியாத இதயங்களைப் பற்றி.

5. எந்தத் தாளத்துக்கு எது ஆபத்து

‘இதயத் தாளக்கோளாறு’ என்று ஒரே சொல்லில் எழுதிவிட்டால் அறுவை அறைக்கு அது பயன்படாது. ஒவ்வொரு கோளாறும் வேறு திசையில் விழக்கூடியது.

நம் தாயின் நிலையைப் பாருங்கள். சுருங்கிய மைட்ரல் வால்வு வழியாக இரத்தம் கீழறைக்கு இறங்க நேரம் வேண்டும். நாடி எகிறினால் அந்த நேரம் குறைகிறது. மேலறையில் இரத்தம் தேங்கி, நுரையீரலில் நீர் கோக்கும். அவருக்கு அட்ரோபினின் எகிறல்தான் பகை. அதே நேரம் அவர் விழுங்கும் பிசோப்ரோலாலும் டிகாக்சினும் நாடியை ஏற்கெனவே பிடித்து வைத்திருக்கின்றன. அவற்றின் மேல் நியோஸ்டிக்மின் சேர்ந்தால் பின்பகுதியின் சரிவும் ஆழமாகலாம். இருபுறமும் பள்ளமுள்ள வரப்பில் நடக்கிறார் அவர்.

இதயத்தின் மின்பாதையில் அடைப்பு உள்ளவருக்கும், துடிப்பைத் தொடங்கும் சைனஸ் கணு தளர்ந்தவருக்கும் நியோஸ்டிக்மின் பகை. அடைப்பு கீழ்நிலையில் இருந்தால் அட்ரோபினையும் நம்ப முடியாது. மேலறை வேகமாகத் துடிக்கும், அடைப்பைத் தாண்டி இறங்கும் துடிப்புகளோ இன்னும் குறையலாம். இவர்களுக்கு வெளியிலிருந்து துடிப்பூட்டும் கருவி கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

பிறவியிலேயே இசிஜியில் க்யூடி என்னும் இடைவெளி நீண்டவர்கள் இன்னொரு வகை. இவர்களுடைய இதயம் ஒவ்வொரு துடிப்புக்குப் பின்னும் மின்னூட்டத்தை மீட்க அதிக நேரம் எடுத்துக்கொள்கிறது. நியோஸ்டிக்மினும் அதன் துணை மருந்தும் அந்த நேரத்தை மேலும் நீட்டக்கூடியவை. அதே பத்து நிமிடத்தில் வாந்தியைத் தடுக்க வழக்கமாகக் கொடுக்கும் ஒன்டான்செட்ரானும் நீட்டக்கூடியது. மயக்க வாயுவான செவோஃபுளுரேனும் அப்படியே. தனித்தனியாகச் சிறியவை, ஒன்றாகச் சேர்ந்தால் கீழறை கட்டுமீறித் துடிக்க வழிவகுக்கலாம்.

மேலறைக்கும் கீழறைக்கும் இடையே பிறவியிலேயே கூடுதல் பாதை உள்ளவர்களுக்கு, நாடியைத் துரத்தும் எதுவும் அந்தக் குறுக்கு வழியைத் திறந்துவிடலாம். மாற்று இதயம் பொருத்தப்பட்டவர்களின் இதயத்துக்கு நரம்புத் தொடர்பு அறுந்திருப்பதால் அட்ரோபின் வேலை செய்யாது. ஆனால் நியோஸ்டிக்மின் கொடுத்தபின் அந்த இதயம் நின்ற நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. காப்பு வேலை செய்யாத இடத்தில் ஆபத்து மட்டும் வேலை செய்கிறது.

இத்தனையும் ஒன்றைத்தான் சொல்கின்றன. கோளாறின் பெயர் தெரியாமல் மருந்தின் பெயரைத் தேர்ந்தெடுக்க முடியாது.

6. புதிய வழியும், காத்திருக்கும் வழியும்

ஸ்காட்லாந்தின் நியூஹவுஸ் என்ற ஊரில் ஆர்கனான் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் ஆன்டன் பாம் வேறு கோணத்தில் யோசித்தார். எட்டுச் சர்க்கரை அலகுகள் கோத்த ஒரு வளையம். அதன் நடுவிலுள்ள குழிவு ரோக்கூரோனியம் மூலக்கூறு அப்படியே அடங்கும் அளவு. அதன் பெயர் சுகமடெக்ஸ். தூதர்களைப் பெருக்கி வாசலில் நெருக்கடி உண்டாக்காமல், அம்பையே எடுத்துத் தூணியில் செருகிவிடுகிறது இது. அசெட்டைல்கோலினை இது தொடுவதில்லை, ஆகவே அட்ரோபினின் துணையும் தேவையில்லை. ஐரோப்பாவில் 2008இலும் அமெரிக்காவில் 2015இலும் ஒப்புதல் பெற்றது.

நம் தாய்க்கு விரல் இரண்டு முறை மடங்கும் நிலையில் 100 மில்லிகிராம் போதும், தளர்வு ஆழமாக இருந்தால் 200. சில நிமிடங்களில் வலிமை திரும்பும். 2023இல் அமெரிக்க மயக்கவியலாளர் சங்கம் வெளியிட்ட வழிகாட்டி, ரோக்கூரோனியம், வெக்கூரோனியம் தந்த தளர்வு கணிசமாக இருக்கையில் சுகமடெக்ஸையே பரிந்துரைக்கிறது. தளர்வு மிகச் சொற்பமாக எஞ்சியிருக்கும்போது நியோஸ்டிக்மின் ஏற்ற மாற்று என்றும் சொல்கிறது. பொது நோயாளிகளுக்கு எழுதப்பட்ட விதி இது. நாடி தடுமாறுகிறவருக்கு அதன் காரணம் இரட்டிப்பாகிறது.

ஆனால் இதைக் குற்றமில்லாத மருந்து என்று சொல்லி உங்களை அனுப்ப மாட்டேன். அட்ராகூரியத்தை இது பிடிக்காது, ரோக்கூரோனியம், வெக்கூரோனியம் இரண்டுக்கும்தான் இந்த வளையம் பொருந்தும். ஆகவே சுகமடெக்ஸ் வேண்டுமென்றால் தளர்வு மருந்தையே அதற்கேற்பத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். முடிவை முதல் ஊசிக்கு முன்பே எடுக்க வேண்டும் என்று நான் சொன்னதன் நேரடிப் பொருள் இது. சிலருக்குக் கடும் ஒவ்வாமை வரும். அரிதாக, கொடுத்த சில நிமிடங்களில் நாடி மிகத் தளர்ந்து, இதயம் நின்றதும் உண்டு. எனவே இசிஜி திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், அட்ரோபினைக் கையில் வைத்துக்கொண்டுதான் இதையும் கொடுக்க வேண்டும். சிறுநீரகம் மிகவும் பழுதானவர்களுக்குப் பரிந்துரைக்கப்படவில்லை. கருத்தடை மாத்திரை எடுக்கும் பெண்கள் அடுத்த 7 நாள் வேறு பாதுகாப்பும் கொள்ள வேண்டும். வீட்டுக்கு அனுப்பும்போது இதைச் சொல்லத் தவறக் கூடாது. நியோஸ்டிக்மினைவிட இதன் விலை பல இடங்களில் கூடுதல். எல்லோருக்கும் கொடுக்க இருப்பு இல்லாத இடத்தில், தாளக்கோளாறு உள்ளவருக்கு முதலில் ஒதுக்குவதே நியாயமான பங்கீடு.

மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. 1814இல் அந்தக் கழுதைக்குச் செய்ததுதான் அது. தூக்கத்தைக் கலைக்காமல், சுவாசக் கருவியில் வைத்து, உடம்பைச் சூடாக வைத்து, விகிதம் 0.9ஐத் தாண்டும்வரை காத்திருப்பது. அட்ராகூரியம் உடலின் வெப்பத்திலும் காரத்தன்மையிலும் தானாகவே சிதையும் மருந்து. குளிர்ந்த உடம்பில் சிதைவு தாமதமாகும் என்பதால் போர்வையும் சிகிச்சையாகிறது. இதற்கு அறையும் ஆளும் கூடுதல் நேரமும் வேண்டும். அடுத்த நோயாளி வெளியே காத்திருக்கிறார் என்ற அவசரம் இதற்கு எதிரி. அந்த அவசரத்துக்கு இடம் கொடாமல் நிற்பதும் மயக்க மருத்துவரின் கடமை. மாற்று மருந்து தராமல் விடுவதை மூன்றாம் பகுதியில் தீங்கு என்றேன். விரலின் வலிமையை அளக்கும் அளவி கையில் இருக்கும்போது மட்டும் அதுவே சிகிச்சையாகிறது.

7. மலையிலிருந்து மேசைவரை

1929இல் ஜே. ஏ. ரசல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய காலத்திலிருந்து இந்தச் சரிவுகளில் வேலை செய்தவர்களுக்கு நோய் வந்தால், முதலில் பார்த்தவர் தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரெஸ்ஸர். அதற்கு மேல் வேண்டுமென்றால் வளைவு வளைவாக இறங்க வேண்டும். நாம் பகாங்கைச் சேர்ந்தவர்கள், ஆனால் நமக்கு அருகிலுள்ள பெரிய மருத்துவமனை பேராக்கில், ஈப்போவில் இருக்கிறது. இன்னும் சிக்கலென்றால் கோலாலம்பூரிலுள்ள ஐ.ஜே.என். என்னும் தேசிய இதய நிலையம். ஒரே நோயாளியை மூன்று இடங்களில் மூன்று குழுக்கள் பார்க்கின்றன. இடையில் தொலைந்துபோவது தகவல்.

நான் எடுக்க வேண்டிய முடிவுக்கு நான்கு செய்திகள் வேண்டும். நான்கும் இந்த மலையிலேயே கிடைக்கக்கூடியவை.

முதலாவது, பழைய இசிஜி தாள். அறுவைக்கு முன் நான் எடுக்கும் இசிஜியில் ஒரு மாறுதல் தெரிந்தால், அது நேற்று வந்ததா பத்தாண்டாக இருப்பதா என்பதைப் பழைய தாள்தான் சொல்லும். இரண்டாவது, மாத்திரைகளின் பட்டியல். “வெள்ளை மாத்திரை காலையில ஒண்ணு, மஞ்சள் ராத்திரி ஒண்ணு” என்று சொன்னால் பிசோப்ரோலாலா, டிகாக்சினா என்று எனக்குத் தெரியாது. அட்டையோடு கொண்டுவாருங்கள். மூன்றாவது, முன்பு எப்போதாவது மயக்க மருந்து வாங்கியிருந்தால் அப்போது நடந்தவை. எழுப்பத் தாமதமானதா, நாடி விழுந்ததா, ஒவ்வாமை வந்ததா என்பவை. நான்காவது, பூச்சிமருந்தோடு அண்மையில் பழகியிருந்தால் அந்த விவரம். அந்த நஞ்சு இரத்தத்திலுள்ள இன்னொரு நொதியையும் குறைத்துவிடுவதால், சக்சாமெத்தோனியம் என்ற தளர்வு மருந்து சில நிமிடங்களில் விலகாமல் நெடுநேரம் தங்கிவிடும். வேலை போய்விடுமோ என்ற அச்சத்தில் இதை மறைப்பவர்கள் உண்டு. இன்று நம் தோட்டங்களில் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா ஆகிய நாடுகளிலிருந்து வந்தவர்கள் பலர் வேலை செய்கிறார்கள். மொழி புரியாததால் சொல்லாமல் விடுபவர்கள் அவர்களில் கூடுதல். கேட்பவர் பொறுமையாகக் கேட்க வேண்டும்.

தாதியர்களிடம் ஒரு வேண்டுகோள். அனுப்பும் கடிதத்தில் ‘இதய நோயாளி’ என்று மட்டும் எழுதாதீர்கள். மேலறை நடுக்கமா, மின்பாதை அடைப்பா, நீண்ட க்யூடியா என்று பெயரை எழுதுங்கள். அந்த ஒரு வரி என் தட்டில் எந்த ஊசி இருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது.

நிறைவாக

நம் தாயிடம் திரும்புவோம். அவர் கடிதத்தில் பெயர் எழுதியிருந்தது. அட்டைகளும் வந்திருந்தன. ஆகவே அவருக்கு ரோக்கூரோனியம் தேர்ந்தெடுத்தோம், மணிக்கட்டில் அளவியைப் பொருத்தினோம், சுகமடெக்ஸை எடுத்து வைத்தோம், அட்ரோபினையும் பக்கத்தில் வைத்தோம். கடைசித் தையல் விழுந்தபோது விரல் இரண்டு முறை மடங்கியது. 100 மில்லிகிராம் மெதுவாக ஏறியது. கண்கள் இசிஜி திரையில். நாடி ஒழுங்கற்றேதான் ஓடியது, ஆனால் எகிறவுமில்லை விழவுமில்லை. விகிதம் 0.9ஐத் தாண்டியபின் தூக்கத்தைக் கலைத்தோம். குழாய் வெளியே வந்தது. இருமினார், விழுங்கினார், தண்ணீர் கேட்டார். கடிதம் இல்லாமல் வந்திருந்தால் இதே பத்து நிமிடத்தை நான் ஊகத்தில் கடந்திருப்பேன்.

இந்த அவையிலுள்ள ஒவ்வொரு வீட்டாரிடமும் நான் கேட்பது சிறிய வேலை. இன்றிரவு வீட்டில் வயதானவர்களின் மணிக்கட்டைப் பிடித்து ஒரு நிமிடம் முழுதாக எண்ணுங்கள். துடிப்பு ஒழுங்கில்லாமல் தாவினால் நாளையே கிளினிக்குக்கு அழைத்துப்போய் இசிஜி எடுங்கள். ஏற்கெனவே எடுத்த தாள் இருந்தால், மாத்திரைகளின் பெயர்களை அதன் பின்னாலேயே எழுதி, அடையாள அட்டையான ஐசி வைக்கும் அதே உறைக்குள் மடித்து வையுங்கள். நள்ளிரவில் ஆம்புலன்ஸ் இறங்கும்போது யாரும் எதையும் தேடமாட்டார்கள். ஐசியை மட்டும் கட்டாயம் எடுப்பார்கள்.